ஒற்றைப்படைக்குப் பச்சரிசி

1905-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி. கோலாலம்பூர் மனநோயாளிகள் காப்பகத்தில் இருந்த அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே போனார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குப் பக்கக் கட்டடத்துக்கும் போனார்கள். இரண்டும் ஒன்றுபோலக் கட்டப்பட்டவை. இரண்டையும் சுற்றி ஒரே உயரமான மதில். கிழக்கில் இருந்தவர்களுக்கு அதுவரை கொடுத்துவந்த சயாம் பச்சரிசியே தொடர்ந்தது. மேற்கில் இருந்தவர்களுக்கு மட்டும் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. அரிசியைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற அரசு மருத்துவர். ஓராண்டு கழித்து அவர் போட்ட கணக்கு 1907-இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பச்சரிசி சாப்பிட்டவர்கள் 120 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு பெரிபெரி வந்தது. 18 பேர் செத்துப்போனார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் 123 பேர். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் பெரிபெரி. அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்று நாம் கேலி பேசுகிறோமே, அந்த மருத்துவமனை திறந்தது 1911-இல்தான். அதற்கு முந்தைய கதை இது. நம்முடைய பள்ளிப் பாடநூல்களில் நான் இதைப் பார்த்ததில்லை. ஈயம் வரும், ரப்பர் வரும், பிரிட்டிஷ் ரெசிடென்டுகளின் பெயர்ப் பட்டியல் வரும். உலக மருத்துவ வரலாற்றில் கட்டுப்பாட்டுக் குழு வைத்துச் செய்த ஆரம்பகாலச் சோதனைகளைப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் இடம் கோலாலம்பூர் என்பது மட்டும் வராது.

என் வேலை தொழிற்சாலை இயந்திரங்களின் அளவீடுகளை எக்ஸெல்லில் போட்டு, வரைபடமாக்கி, மேலே இருப்பவர்களுக்குக் காட்டுவது. அதனால் எதைப் படித்தாலும் கை முதலில் கட்டங்களைத்தான் போடும். ஃபிளெட்சரின் எண்களையும் போட்டேன். 120, 18, 123, 0. நான்கே கட்டங்கள். இவ்வளவு சின்ன அட்டவணையிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது சரியா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். ஒரு எளிய கணக்கு செய்து பார்க்கலாம். அரிசிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செத்த ஒவ்வொருவரும் கிழக்கில் இருந்திருக்க ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுவது மாதிரி. 18 தடவை சுண்டி 18 தடவையும் தலையே விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று. ஃபிளெட்சர் இந்தக் கணக்கைப் போடவில்லை. புள்ளியியலில் இதற்கான முறைகளை ரொனால்ட் ஃபிஷர் எழுதிவைக்க இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் இருந்தன. 18-ஐயும் 0-வையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை.

இதை வரைபடமாக்கச் சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர் இரண்டு தூண்கள் வரைவார். ஒன்று 18 உயரம். மற்றது தரையோடு தரை. பார்க்க ‘பளிச்’சென்று இருக்கும். எனக்கு அந்தத் தூண் வரைபடம் பிடிக்கவில்லை. அதில் நாட்களே இல்லை. (எங்கள் அலுவலகப் பேச்சில் ‘காலம்’ என்றால் நெடுவரிசை. விட்டுப்போனது அந்தக் காலம் இல்லை, நிஜக் காலம்.) காப்பகம் என்பது ஆள் வருவதும் போவதுமாக இருக்கும் இடம். ஆண்டு முழுக்க இருந்தவரும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனவரும் 120-இல் ஆளுக்கு ஒன்றாகத்தான் எண்ணப்படுவார்கள். ஆனால் பெரிபெரி இரண்டு வாரத்தில் வருகிற நோய் இல்லை. உடம்பில் இருக்கும் கையிருப்பு தீர்ந்து, கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து படுக்க வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆகவே தலைக்கு ஒன்று என்று எண்ணாமல், ஒவ்வொருவரும் அந்த அரிசியைச் சாப்பிட்ட நாட்களைக் கூட்டி, அதைக் கீழே வைத்து வகுக்க வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரம் எத்தனை தடவை பழுதானது என்று மட்டும் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியதில் அத்தனை தடவை என்று கேட்பார்கள். அதே கேள்விதான் இதுவும்.

கிழக்கு, மேற்கு என்ற பிரிவில் இன்னொரு ஓட்டையும் உண்டு. நோய் அரிசியால் வராமல் அந்தக் கட்டடத்தால் வந்திருந்தால்? இது சும்மா எழுப்புகிற சந்தேகம் இல்லை. அந்தக் காலத்து மருத்துவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு கிருமியால் பரவுவது, அது இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது என்று எழுதினார். (பிறகு அமெரிக்காவுக்குப் போய் அபினி எதிர்ப்புச் சட்டங்களால் பெயர் வாங்கியவரும் இவர்தான்.) ஃபிளெட்சருக்கு இந்தச் சந்தேகம் தெரியும். அதனால் நடுவில் இரண்டு குழுவினரையும் கட்டடம் மாற்றினார். பச்சரிசிக்காரர்கள் மேற்குக்கு, புழுங்கல்காரர்கள் கிழக்குக்கு. நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. பச்சரிசியோடு கூடவே போனது.

ஒற்றை, இரட்டை என்று பிரித்ததிலும் குறை சொல்லலாம். வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை நிற்க வைக்கிறவர் மாற்றிவிட முடியும். இன்று ஆய்வு செய்பவர்கள் குலுக்கல் முறையில் பிரிப்பது அதனால்தான். ஆனாலும் நோய் முற்றினவர், புதியவர், சாதுவானவர் என்று மருத்துவர் தன் கண்ணால் பார்த்துப் பிரிக்காமல் பொறுப்பை எண்ணிடம் ஒப்படைத்தது பெரிய விஷயம். காரணம், ஃபிளெட்சருக்கு இந்தச் சோதனையில் ஒரு பக்கச் சாய்வு இருந்தது. அரிசிக்கும் பெரிபெரிக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் ஆரம்பித்தார். தான் நினைத்ததற்கு நேர்மாறாக வந்த அட்டவணையை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

அவர் பொய்யென்று காட்ட நினைத்த கருத்து வில்லியம் லெனார்ட் பிராடன் என்பவருடையது. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர். அவர் கதை இன்னும் சுவையானது, நமக்கு நெருக்கமானதும்கூட. காலனி மருத்துவமனைப் பதிவேடுகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே தவறாமல் இருந்த நெடுவரிசை ‘இனம்’. சீனர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். அந்த நெடுவரிசையின்படி கூட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிந்தது. பெரிபெரியில் கொத்துக் கொத்தாக விழுந்தவர்கள் ஈயச் சுரங்கச் சீனர்கள். அதே ஊரில், அதே மழையில், அதைவிட மோசமான லயங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு அந்த நோய் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கம்பத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களுக்கும் மிகக் குறைவு.

இந்த இடத்தில் ஒரு சோம்பேறி ஆய்வாளர் என்ன செய்திருப்பார் என்று நமக்குத் தெரியும். தமிழன் உடம்பு அப்படி, சீனன் உடம்பு இப்படி என்று எழுதி முடித்திருப்பார். அப்படி எழுதுவதற்குக் காலனி அறிக்கைகளில் பஞ்சமே இல்லை. பிராடன் அந்த நெடுவரிசைக்குப் பின்னால் இன்னொரு நெடுவரிசை மறைந்திருப்பதைப் பார்த்தார். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே அவ்வப்போது குத்திச் சாப்பிட்டார்கள். சீனத் தொழிலாளிகள் சாப்பிட்டது ஆலையில் தீட்டி, மூட்டையில் கப்பலேறி வந்த வெள்ளை அரிசி. இனம் என்று தலைப்பிட்ட கட்டத்தில் உண்மையில் உட்கார்ந்திருந்தது அரிசி. இந்தக் கருத்தை நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேச ஆரம்பித்த பிராடன், 1907-இல் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகமாகவே போட்டார்.

காரணத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் சறுக்கினார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ பூஞ்சணம் பிடித்து நஞ்சு உண்டாகிறது என்று நினைத்தார். அரிசியில் ஒன்று இல்லாமல் போனதால் நோய் வரும் என்பது அன்றைக்கு எளிதில் யாருக்கும் தோன்றாத யோசனை. கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்ட புதிது. எந்த நோயானாலும் ஏதாவது ஒன்று உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்று தேடினார்கள். இல்லாத ஒன்றுக்கு அட்டவணையில் நெடுவரிசை போடுவது எப்படி?

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு உமி நீக்கினால் புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அவிக்காத நெல்லை ஆலையில் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். தயமின் என்ற பெயரே தெரியாத காலத்தில் நம்மவர்கள் அதைக் கூலிச் சோற்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ‘பச்சரிசி பொங்கலுக்குத்தான்டா, தினமும் சாப்பிட்டா வயித்துக்குச் சேராது’ என்று எங்கள் பாட்டி சொல்லும். பாட்டியின் காரணமும் பிராடனுடையது மாதிரிதான், விளக்கம் தவறு, அரிசி சரி. இதை வைத்து ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ என்று புலனத்தில் பரப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே லயத்துத் தமிழர்கள் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பெரிபெரி அட்டவணையில் நமக்கு நேரே இருந்த சிறிய எண், நாம் நன்றாக இருந்தோம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

கோலாலம்பூருக்கு முன்பே ஜாவாவில் ஒரு பெரிய அட்டவணை போடப்பட்டிருந்தது. கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டால் பெரிபெரி மாதிரி ஒரு நோய் வருவதை பத்தேவியாவில் கிறிஸ்டியான் ஐக்மன் கண்டுபிடித்தார். (1929-இல் நோபல் பரிசு அவருக்கு.) அவர் தன் நண்பர் அடால்ஃப் ஃபோர்டர்மனிடம் சிறைச்சாலைகளைப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஃபோர்டர்மன் ஜாவா, மதுரா தீவுகளில் 101 சிறைகளின் கணக்கை எடுத்தார். கைதிகள் ஏறக்குறைய 2,80,000 பேர். தீட்டாத அரிசி கொடுத்த சிறைகளில் பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கு பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு. இரண்டும் கலந்து கொடுத்த இடங்களில் 416 பேரில் ஒருவருக்கு.

இந்த மூன்று எண்களைவிட எனக்குப் பிடித்தது அவர் அரிசியை வகைப்படுத்திய விதம். ‘தீட்டியது’, ‘தீட்டாதது’ என்று சிறை அதிகாரி சொல்வதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. மாதிரி எடுத்துப் பார்த்தார். மணிகளில் முக்கால் பங்குக்கு மேல் தோல் ஒட்டியிருந்தால் தீட்டாதது. கால் பங்குக்குக் கீழே என்றால் தீட்டியது. இடையில் இருப்பதெல்லாம் கலப்பு. தொடர்ச்சியாக மாறிக்கொண்டு போகிற ஒன்றை மூன்று பெட்டியில் போடும்போது கோடு எங்கே விழுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். முடிவைப் பார்த்துவிட்டுக் கோட்டை இப்படி அப்படி நகர்த்த முடியாது. எங்கள் துறையில் இதுதான் அன்றாடப் பஞ்சாயத்து. ஒரு பொருள் தேறியதா, தேறவில்லையா என்ற எல்லையை அளந்த பிறகு முடிவு செய்தால் எல்லாமே தேறிவிடும். அதோடு சிறைகளின் காற்றோட்டம், கட்டடத்தின் வயது, தரை, நெரிசல் எல்லாவற்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்திருந்தார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. பயன்படாத அந்த நெடுவரிசைகளுக்காகத்தான் நான் அவரை மதிக்கிறேன். தனக்கு வேண்டியதை மட்டும் எழுதிவைத்திருந்தால், ‘காற்றோட்டத்தைப் பார்த்தாயா?’ என்று கேட்பவருக்குப் பதில் இருந்திருக்காது.

ஆனால் சிறைகளில் ஃபோர்டர்மன் எதையும் மாற்றவில்லை, நடந்துகொண்டிருந்ததை எண்ணினார். எந்தச் சிறைக்கு எந்த அரிசி என்பது முன்பே தீர்மானமானது. ஃபிளெட்சரின் கொட்டகை வரிசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஃபிளெட்சருக்குப் பிறகு வந்தவர்கள் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும், கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள். மனநோயாளிகளை வைத்துச் செய்தது மற்றவர்களுக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்பார்கள் இல்லையா? இவர்கள் ஜெலுபு பக்கம் டுரியான் டிப்பஸ் காட்டுக்குப் போனார்கள். அங்கே புதிதாகச் சாலை போட ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். அதுவரை யாரும் குடியிருக்காத காடு என்பதால், பழைய கட்டடத்தில் ஒளிந்திருக்கும் கிருமி என்ற வாதத்துக்கே அங்கே இடமில்லை. இரண்டு பிரிவு. ஒன்றுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் புதிதாக யாரும் விழவில்லை. 1909-இல் வெளியிட்டார்கள்.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் பொறியியல்காரன் கண்ணுக்கு அழகு. மனிதர்களை விட்டுவிட்டுக் கோழிகளுக்கு வந்தார்கள். தவிடு கொடுத்தால் கோழி பிழைக்கிறது. ஆகவே தவிட்டில் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தெரியாது, அதை அளக்கவும் முடியாது. ஆனால் ஓர் அரிசி மூட்டையைப் பார்த்து ‘இது ஆபத்து, இது பரவாயில்லை’ என்று சொல்ல ஏதாவது ஓர் எண் வேண்டும். அவர்கள் பாஸ்பரஸைப் பிடித்தார்கள். தவிடு போகும்போது பாஸ்பரஸும் கூடவே போகிறது. அதை ஆய்வகத்தில் அளப்பது சுலபம். பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் அரிசியை நம்பக்கூடாது என்று ஓர் எல்லை வைத்தார்கள். பாஸ்பரஸ் நோயைத் தடுக்கவில்லை. தடுக்கிற ஒன்றோடு சேர்ந்தே குறைந்தது, அவ்வளவுதான். காணாமல் போன ஒன்றுக்கு நெடுவரிசை போடும் வழி இப்படிக் கிடைத்தது. தாங்கு உருளையின் தேய்மானத்தைக் கழற்றிப் பார்க்க முடியாதபோது அதன் அதிர்வை அளந்து எச்சரிக்கை வைக்கிறோமே, அதே யுக்தி.

அப்புறம் கதை வேகமாக ஓடுகிறது. 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு மருத்துவ மாநாடு வெள்ளை அரிசியைத் தொடர்ந்து முக்கிய உணவாகச் சாப்பிடுவதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது. 1912-இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் அந்தப் பொருளைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1936-இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதை ஆய்வகத்தில் உருவாக்கினார். ஃபிளெட்சரும் ஸ்டான்டனும் பிற்காலத்தில் ஒன்றாகச் சேர்ந்து மெலியோய்டோசிஸ் நோயைப் பற்றி ஆராய்ந்தார்கள். அது தனிக் கதை.

இதே ஆண்டுகளில் இதே சிலாங்கூரில் போடப்பட்ட இன்னொரு அட்டவணையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், 1901-இல் கிள்ளான் நகரத்திலும் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை வெட்டச் சொன்னார். மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கிள்ளான் நகரத்தில் 1901 முதல் 1905 வரை: 334, 129, 48, 28, 12. துறைமுகத்தில்: 188, 70, 21, 4, 11. கோடாகப் போட்டுப் பார்த்தால் மலையிலிருந்து இறங்குவது மாதிரி இரண்டு கோடுகள்.

வாட்சன் மூன்றாவதாக ஒரு வரிசையும் கொடுத்தார். மாவட்டத்தின் மற்றப் பகுதிகள்: 197, 204, 150, 266, 353. மலேரியா அந்த ஆண்டுகளில் தானாகவே குறைந்திருக்கலாமே என்று கேட்பவருக்கு அதுதான் பதில். வடிகால் வெட்டாத இடத்தில் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆய்வு முறையாகப் பார்த்தால் குற்றம் சொல்ல இடமே இல்லை. எக்ஸெல்லில் நான் அதைச் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தேன். ஒப்பீட்டுக்காக இருக்கும் கோட்டுக்குச் சாம்பல் நிறம் கொடுப்பது எங்கள் பழக்கம். கண் அங்கே போகக் கூடாது என்பதற்காக. பிறகுதான் அந்தக் கோட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். கிள்ளானைச் சுற்றிய ‘மற்றப் பகுதிகள்’ என்றால் அந்த ஆண்டுகளில் காட்டை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்த தோட்டங்கள். அங்கே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்கள். அந்தக் கோட்டை நான் சிவப்பாக மாற்றி, மற்ற இரண்டையும் சாம்பலாக்கிப் பார்த்தேன். எண் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அது வேறு வரைபடம். (வாட்சனைக் குறை சொல்லவில்லை. அவர் அரசு வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களின் மலேரியாவைத்தான் பிறகு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.)

அதற்குப் பிறகு ஃபிளெட்சரின் நான்கு கட்டங்களுக்கும் திரும்பிப் போனேன். நடுவில் கட்டடத்தை மாற்றினார் என்றேன். அப்போதே கிழக்குப் பக்கத்துக்காரர்கள் பலர் நோயில் படுத்திருக்க வேண்டும். பச்சரிசி தொடர்ந்தது. அவருடைய நம்பிக்கையின்படி பச்சரிசியால் கேடு எதுவும் இல்லை, ஆகவே அவர் தெரிந்தே யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று வாதிடலாம். ஆனால் சோதனை ஆரம்பித்ததே பிராடன் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற கேள்வியோடுதானே? இன்றைய மருந்துச் சோதனைகளில் நடுவில் எண்களைப் பார்க்கத் தனிக் குழு இருக்கும். ஒரு பக்கம் சாவு ஏறினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் பூச்சியம் என்ற நிலையிலேயே நாணயக் கணக்கு 32-இல் ஒன்றுக்கு வந்துவிடும். எட்டுக்குப் பூச்சியம் என்றால் 256-இல் ஒன்று. எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று எட்டுக்கும் பதினெட்டுக்கும் இடையில் சுட்டியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டில் நிறுத்தியிருந்தால் லண்டனில் இருந்தவர்கள் நம்பியிருப்பார்களா? பதினெட்டு வந்த பிறகும் உடனே எல்லோரும் நம்பிவிடவில்லை. டுரியான் டிப்பஸில் இன்னொரு முறை செய்ய வேண்டியிருந்தது.

கொட்டகையில் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படியொரு வழக்கமும் இல்லை. இடப்பக்கத்திலிருந்து ஏழாவதாக நின்றவரும் எட்டாவதாக நின்றவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருப்பார்கள். ஏழாவது ஆள் கிழக்கே போனார். என் அட்டவணையில் அவருக்கு ஒரு வரிசை ஒதுக்கிப் பார்த்தேன். எண் 7, கிழக்கு, பச்சரிசி. பெயர், வயது, ஊர், எத்தனை நாள் இருந்தார், என்ன ஆனார் என்ற கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.